லீ-என்ஃபீல்டில் காலித் தோட்டா துள்ளி வெளியே வரவில்லையா? ஸ்க்ரூவை விடுங்கள், ஸ்பிரிங்கைப் பாருங்கள்

பழைய லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் ஒன்று கைக்கு வந்து, சுடுதளத்தில் முதல் பத்துத் தோட்டா சுட்டதும் புதியவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "போல்ட்டை இழுத்தால் காலித் தோட்டா வெளியே துள்ள மாட்டேன் என்கிறது. மேகசின் மேலேயே விழுந்து கிடக்கிறது. எஜெக்டர் ஸ்க்ரூ தேய்ந்துவிட்டதா?" கேள்வியிலேயே பதிலையும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பதில் அநேகமாகத் தவறு. (போல்ட் என்பது கையால் முன்னும் பின்னும் ஓட்டும் உருளை. மேகசின் தோட்டாக்களை வைக்கும் பெட்டி. எஜெக்டர் ஸ்க்ரூ தோட்டாவைத் தட்டி வெளியேற்றுவதற்கான திருகு.)

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என்னுடையது முதல் உலகப்போர்க் காலத்து மார்க் 3 ரகம். காலித் தோட்டா அரைமனதாக வெளியே வரும், சில நேரம் வரவே வராது. ஸ்க்ரூவை ஒருமுறை மாற்றினேன், மாறவில்லை. இன்னொன்று வாங்கி மறுபடி மாற்றினேன், அப்போதும் அப்படியே. கடைசியில் ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், போல்ட்டின் தலையை மட்டும் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தோட்டாவைப் பிடிக்கும் கொக்கியை ஒரு அழுத்து அழுத்தினார். "ஸ்பிரிங் செத்துப்போச்சு தம்பி" என்றார். விரல் நகம் அளவுள்ள ஒரு தகட்டு ஸ்பிரிங். அதை மாற்றியதும் பிரச்சினை அன்றே தீர்ந்தது.

அவர் அன்று சொல்லிக்கொடுத்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். எளிதானதில் தொடங்கி, கடினமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் போனால் தேவையில்லாத பாகங்களை வாங்க வேண்டியிருக்காது.

எந்தத் துப்பாக்கி

ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட்டும், இங்கிலாந்தின் என்ஃபீல்ட் ஆலையில் உருவான பேரலும் (குழல்) சேர்ந்தது இந்தக் குடும்பம். நம் ஊர்ப் பேச்சில் 'திரீ நாட் திரீ' (.303). குட்டைக் குழல் வடிவம் 1902இல் ஏற்கப்பட்டது, மார்க் 3 வந்தது 1907இல். 1926இல் பெயர் முறையை மாற்றியபோது அது 'நம்பர் 1' ஆனது. இரண்டாம் உலகப்போரில் பெருமளவில் தயாரானது 'நம்பர் 4'. நான் சொல்வது இந்த இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தியாவின் இஷாப்பூர் ஆலையில் 1960களில் செய்த 2ஏ ரகம் பார்வைக்கு நம்பர் 1 போலவே இருக்கும். ஆனால் அது சுடுவது 7.62 மி.மீ. நேட்டோ தோட்டா. .303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு அதில் கிடையாது, ஆகவே கொக்கியும் வேறு. இரண்டின் பாகங்களையும் கலக்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

போல்ட்டின் முன்னால் தனியாகக் கழற்றக்கூடிய ஒரு தலை இருக்கிறது. அதன் வலது பக்கத்தில் சின்னக் கொக்கி. அதுதான் எக்ஸ்ட்ராக்டர். மடித்த தகடு போன்ற ஒரு ஸ்பிரிங் அந்தக் கொக்கியை உள்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும். கைப்பிடியை மேலே தூக்கும்போது போல்ட் திருகுப்பாதையில் ஏறி லேசாகப் பின்னுக்கு நகரும். சேம்பரில், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில், ஒட்டியிருக்கும் காலித் தோட்டாவை முதலில் அசைப்பது அந்தச் சின்ன நகர்வு. அப்புறம் நீங்கள் இழுக்க, கொக்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வலது பக்கம் கொக்கி பிடித்து இழுக்கிறது. அதே கொக்கி தோட்டாவை இடது பக்கமாகவும் தள்ளுவதால், அடிப்பகுதி ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) இடது சுவரில் உராய்ந்துகொண்டே வரும். தோட்டாவின் வாய் சேம்பருக்குள் இருக்கும்வரை அது திரும்ப முடியாது. வாய் வெளியே வந்த அந்தக் கணத்தில் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. கொக்கியை அச்சாக வைத்துச் சுழன்று வலப்பக்கம் துள்ளிவிடும். அதாவது, சுட்ட தோட்டாவை வெளியே எறிவதில் பெரும்பங்கு கொக்கி ஸ்பிரிங்குக்குத்தான்.

அப்படியானால் எஜெக்டர் ஸ்க்ரூ எதற்கு? சுடாத தோட்டாவுக்கு அது மிகவும் வேண்டும். காலித் தோட்டாவின் நீளம் சுமார் 56 மி.மீ. குண்டோடு சேர்ந்த முழுத் தோட்டா சுமார் 78 மி.மீ. முழுத் தோட்டா வெகுதூரம் பின்னால் வந்த பிறகும் குண்டின் முனை முன்னாலேயே மாட்டியிருக்கும். ஆகவே கடைசிக் கட்டத்தில் அதன் விளிம்பை எதுவாவது தட்டிவிட வேண்டும். ரிசீவரின் இடது சுவரில் முனை நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ செய்வது அதைத்தான். சுட்ட தோட்டாவுக்கு அது ஒரு மாற்று ஏற்பாடு, அவ்வளவே.

மவுசர் 98 என்ற ஜெர்மன் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே தங்கள் துப்பாக்கிக்குப் பொருத்த வேண்டாம். அதில் எஜெக்டர் என்பது போல்ட் தடுப்போடு சேர்ந்த, தனி ஸ்பிரிங் உள்ள ஒரு தகடு. போல்ட்டின் இடது பிடிப்பில் உள்ள பிளவு வழியாக அது வரும். அங்கே எஜெக்டரைச் சந்தேகிப்பது நியாயமே.

தொடும் முன்

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். இரண்டையும் செய்யுங்கள், ஒன்று போதாது. இந்தத் துப்பாக்கியில் மேகசினைக் கழற்றிவிட்டாலும் சேம்பரில் ஒரு தோட்டா இருக்கலாம்.

வீட்டில் சோதிக்க டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) மட்டுமே. "சும்மா ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன்" என்று உண்மைத் தோட்டாவை வீட்டுக்குள் போல்ட்டில் ஓட்டாதீர்கள். இதை நான் மிகவும் அழுத்தமாகச் சொல்கிறேன். பாகங்களைக் கழற்றுவதும் மாற்றுவதும் உங்கள் உரிமத்துக்கும் நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்துக்கும் உட்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடுதளத்தில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் முனையை இலக்கு நோக்கியே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருந்து பிறகு போல்ட்டைத் திறக்கவும். சேம்பரில் சிக்கிக்கொண்டது சுட்டதா சுடாததா என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும், பேரல் முனை வழியாகக் கம்பி விட்டுத் தள்ளக் கூடாது. அந்த வேலையைச் சுடுதளப் பொறுப்பாளரிடமோ துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடமோ விட்டுவிடுங்கள்.

முதல் படி: காலித் தோட்டாவே சாட்சி

எதையும் கழற்றும் முன் பிரச்சினை எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை சுடும்போது ஒரு நண்பரைப் பக்கத்தில் நிற்கவைத்து, போல்ட் பின்னால் வரும்போது என்ன ஆகிறது என்று கவனிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

போல்ட் வெறுங்கையோடு திரும்பி, காலித் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிட்டதா? அது எடுப்பதில் உள்ள கோளாறு. விளிம்பைப் பாருங்கள். கொக்கி பிய்த்த காயம் இருந்தால் கொக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, சேம்பர்தான் தோட்டாவை விடவில்லை. காயமே இல்லாவிட்டால் கொக்கி நழுவியிருக்கிறது.

காலித் தோட்டா சேம்பரை விட்டு வந்து, பாதி வழியில் போல்ட் தலையிலிருந்து நழுவி மேகசின் மேல் விழுகிறதா? கிட்டத்தட்ட உறுதியாக ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

கடைசிவரை போல்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்து, திரும்பாமல் அப்படியே நிற்கிறதா? கொக்கி சுமாராகவாவது பிடிக்கிறது. உங்கள் கை போல்ட்டைக் கடைசிவரை இழுக்கவில்லை, அல்லது ஸ்க்ரூ இல்லை, அல்லது அதன் முனை உடைந்திருக்கிறது.

சுட்டது நன்றாகத் துள்ளுகிறது, சுடாத டம்மி மட்டும் வெளியே வர மறுக்கிறது என்றால் நேராக ஸ்க்ரூவுக்குப் போகலாம். அதை முதலிலேயே சந்தேகிக்கத் தகுந்த ஒரே நிலை அதுதான்.

இரண்டாம் படி: உங்கள் கை

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புதியவர்கள் நூறு வயதுத் துப்பாக்கி உடைந்துவிடுமோ என்று போல்ட்டை மெதுவாக, பக்குவமாக இழுக்கிறார்கள். மெதுவாக இழுத்தால் சரியான ஸ்பிரிங் உள்ள துப்பாக்கியிலும் காலித் தோட்டா சோம்பலாகத்தான் விழும். இந்தப் போல்ட் வேகத்துக்காகப் பிறந்தது. முதல் உலகப்போருக்கு முந்தைய பிரிட்டிஷ் காலாட்படைப் பயிற்சியில், 300 கஜ தூர இலக்கை ஒரு நிமிடத்தில் குறைந்தது 15 முறை அடிக்க வேண்டும். அந்த வேகத்தில் இயக்கவே இதைச் செய்தார்கள்.

கைப்பிடியை முழுதாகத் தூக்கி, தயங்காமல், ஒரே வீச்சில் கடைசித் தடுப்புவரை இழுங்கள். பத்து டம்மி தோட்டா போட்டுப் பழகினால் போதும். பலருக்குப் பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நம்பர் 4 மார்க் 1 நட்சத்திர ரகத்தில், போல்ட் தலையைக் கழற்றுவதற்காக ரிசீவரின் தண்டவாளத்தில் (போல்ட் தலை ஓடும் தடம்) ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் ஓரம் சிதைந்திருந்தால் இழுக்கும்போது போல்ட் தலை தடத்தை விட்டு மேலே எகிறும். அப்படி நடந்தால் அதற்குமேல் சுட வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

மூன்றாம் படி: போல்ட்டைக் கழற்றிச் சுத்தம்

நம்பர் 1 என்றால், போல்ட்டைக் கடைசிவரை பின்னால் இழுத்து, தலையின் வலது ஓரத்தை விரலால் மேலே தூக்குங்கள். சின்னச் சத்தத்தோடு தடத்தை விட்டு வரும். பிறகு போல்ட்டை உருவிக்கொள்ளலாம். நம்பர் 4 என்றால் முதலில் குறிபார்க்க உதவும் பின்பக்கக் குறிப்பானைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் போல்ட் அதில் இடிக்கும். மார்க் 1இல் ரிசீவரின் வலது பக்கமுள்ள சின்னப் பிடியை அழுத்தியபடி போல்ட்டை இழுத்துத் தலையை மேலே திருப்பவும். நட்சத்திர ரகத்தில் தலையை அந்த வெட்டுக்கு நேராகக் கொண்டுவந்து திருப்பினால் போதும்.

போல்ட் தலை திருகு மரைதான், கையாலேயே சுழற்றிக் கழற்றலாம். இப்போது கொக்கியின் அடியில் பாருங்கள். கிடங்கில் பல வருடம் கிடந்த துப்பாக்கிகளில் பாதுகாப்புக் கிரீஸ் இறுகிப் பழுப்பு மெழுகாக அடைத்திருக்கும். பித்தளைத் துகளும் கரியும் அதோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். கொக்கி உள்ளே மடங்க இடமில்லாமல் விறைத்து நிற்கும், அல்லது விளிம்பின் மேல் முழுதாக ஏறாது. கரைப்பானில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, மரக்குச்சியால் மூலைகளைச் சுரண்டுங்கள். எஃகு ஊசி வேண்டாம், கொக்கியின் உள்விளிம்பில் கோடு விழுந்துவிடும். காய்ந்த பிறகு ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.

திரும்பப் பூட்டும்போது தலையைக் கடைசிவரை திருகி, தடத்துக்கு நேராக வரும் அளவுக்கு மட்டும் பின்னால் திருப்புங்கள். கடைசிவரை திருகாமல் பாதியில் நிறுத்திவிட்டுச் சுடக் கூடாது. இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போல்ட்டுகளை மாற்றிப் போட்டுவிடாமல், போல்ட்டிலும் துப்பாக்கியிலும் பொறித்திருக்கும் வரிசை எண்ணைச் சரிபாருங்கள்.

நான்காம் படி: ஸ்பிரிங்கும் கொக்கியும்

பெரும்பாலான லீ-என்ஃபீல்டுகளில் பதில் கிடைக்கும் இடம் இதுதான்.

கழற்றிய போல்ட் தலையை இடது கையில் வைத்து, கொக்கியை வலது கட்டைவிரலால் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். நல்ல ஸ்பிரிங் விரலை எதிர்த்துத் தள்ளும், நகத்தின் கீழ் லேசாக வலிக்கும். செத்த ஸ்பிரிங் கதவுத் தாழ்ப்பாள் போல ஆடும். வேறொரு துப்பாக்கியின் போல்ட் தலை கிடைத்தால் இரண்டையும் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது பிடிப்புச் சோதனை. காலித் தோட்டாவின் விளிம்பைக் கொக்கிக்கு அடியில் நுழைத்துத் தலையைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். தோட்டா நேராக நிற்க வேண்டும், தொங்கக் கூடாது. லேசாக ஆட்டினால் விழக் கூடாது. அதையே டம்மி தோட்டாவில் செய்து பாருங்கள், எடை கூடுதல் என்பதால் இன்னும் கடுமையான சோதனை. காலித் தோட்டா தலை கவிழ்ந்து தொங்கினால் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள்.

மாற்றுவது சின்ன வேலைதான். கொக்கியைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். அகலம் குறைந்த திருப்புளியால் பழைய ஸ்க்ரூவின் பள்ளம் கிழிந்துவிடும். கழற்றும் முன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எகிறிப் பறக்கும், ஆகவே கண்ணாடி அணிந்து, வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள்.

பழைய ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விரித்து வளைத்துப் போடலாமே என்று தோன்றும். நான் செய்ய மாட்டேன். களைத்த எஃகை வளைத்தால் சில நாள் வேலை செய்யும், பிறகு மடிப்பில் விரிசல் விட்டு முறியும். புதியதை வாங்கும்போதே இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் வெளியே இருக்கும்போதே கொக்கியின் நுனியை உருப்பெருக்கியில் பாருங்கள். உள்விளிம்பு கூர்மையாகவும் சதுரமாகவும் இருக்க வேண்டும். உருண்டு வழுவழுத்திருந்தால், சில்லு போயிருந்தால், கொக்கியையும் மாற்ற வேண்டும். அரத்தால் ராவிக் கூர்மையாக்க நினைக்காதீர்கள், கொக்கியின் அளவே மாறிவிடும்.

ஐந்தாம் படி: சேம்பர்

விளிம்பில் பிய்த்த காயம் இருந்தது, அல்லது கைப்பிடியைத் தூக்கவே சிரமப்பட்டது என்றால் சேம்பருக்குள் விளக்கடித்துப் பாருங்கள்.

பழைய ராணுவ .303 தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பிரைமர் (அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) வெடித்ததும் உப்பை விட்டுச் செல்லும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி எஃகை அரித்துக் குழிகளாக்குவது அந்த உப்பு. எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சேம்பர் வழியாகக் கொதிநீர் ஊற்றிக் கழுவுவதற்கென்றே பிரிட்டிஷ் ராணுவம் தனிப் புனல் வைத்திருந்தது. அப்படிப்பட்ட தோட்டா சுட்டால் அன்றைக்கே கொதிநீர், பிறகு பேரலுக்குள் இழுக்கும் புல்-த்ரூ கயிற்றில் உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய் என்ற வரிசையை விடாதீர்கள்.

சேம்பர் அளவுக்கேற்ற வெண்கலப் பிரஷைக் கரைப்பானில் நனைத்து, கையாலேயே சுழற்றித் தேயுங்கள். இறுகிய கிரீஸ் பல முறை தேய்த்தால்தான் வரும், பொறுமையாக இருங்கள். உப்புத்தாள் கூடாது, டிரில் மிஷினில் மாட்டிச் சுழற்றுவதும் கூடாது. சுத்தம் செய்த பிறகும் குழிகள் தெரிந்து, சுட்ட தோட்டாவின் உடம்பில் அவற்றின் அச்சு விழுந்திருந்தால் அது உங்கள் கையால் ஆகும் வேலை அல்ல.

சுடும் முன் சேம்பரை நன்றாக உலரத் துடைக்கவும். தோட்டா எளிதாக வரட்டும் என்று எண்ணெய் தடவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். வெடிக்கும்போது தோட்டாவின் சுவர் சேம்பரைப் பிடித்துக்கொள்வதால்தான் போல்ட்டின் மேல் விழும் அடி குறைகிறது. எண்ணெய் அந்தப் பிடிப்பைக் கெடுத்துவிடும்.

ஆறாம் படி: ஸ்க்ரூவும் தோட்டாவும்

இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்க்ரூ. போல்ட் இல்லாத ரிசீவரின் இடது உட்சுவரை விளக்கில் பாருங்கள். ஸ்க்ரூவின் முனை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு காலத்தில் இலக்குப் போட்டிக்கான தனிக் குறிப்பான் பொருத்தியிருந்த துப்பாக்கிகளை மட்டும் கூடுதலாகக் கவனிக்கவும். அந்தக் குறிப்பான்களில் சில இதே துளையில்தான் மாட்டப்பட்டன. கழற்றியவர் திரும்பத் தவறான நீளத்தில் ஒன்றைப் போட்டிருக்கலாம்.

தோட்டாவையும் மறக்க வேண்டாம். பலமுறை மருந்து நிரப்பிய காலித் தோட்டாவில் விளிம்பு வளைந்திருக்கும், நெளிந்திருக்கும். வேறொரு ஆலையின் புதுத் தோட்டா பத்து வாங்கிச் சுட்டுப் பாருங்கள். அவை நன்றாகத் துள்ளினால் துப்பாக்கியில் குறையில்லை.

காலித் தோட்டாவின் அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் சுற்றிலும் தெரிந்தால் அன்றோடு சுடுவதை நிறுத்துங்கள். தோட்டா நீண்டு, அங்கே பிளக்கத் தயாராகிறது என்று அர்த்தம். பிளந்தால் அடிப்பகுதி மட்டும் வெளியே வந்து முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடும், அடுத்த தோட்டா உள்ளே போகாது. போல்ட் தலைக்கும் பேரலுக்கும் இடையிலான இடைவெளியை அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். .303க்கு ராணுவம் வைத்த வரம்பு 0.064 முதல் 0.074 அங்குலம். நம்பர் 4க்கு 0, 1, 2, 3 என்று எண் குறித்த போல்ட் தலைகள் இதற்காகவே வந்தன. அளந்து பார்க்காமல் பெரிய எண்ணை வாங்கி மாட்டாதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

சுடுதளத்தில் சரிபார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஸ்பிரிங், கொக்கி, ஸ்க்ரூ மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

முதலில் ஐந்து டம்மியை மேகசினில் போட்டு, வேகமாக ஓட்டி, ஐந்தும் வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு உண்மைத் தோட்டா ஒன்றொன்றாக ஐந்து, அதன்பின் மேகசின் முழுக்கப் பத்து. காலித் தோட்டா விழும் இடத்தில் ஒரு துணி விரித்து வைத்தால் சிதறல் நன்றாகத் தெரியும். எல்லாம் வலப்பக்கம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் விழுந்தால் ஸ்பிரிங் சீராக இருக்கிறது. ஒன்று இரண்டடி, இன்னொன்று காலடி, மற்றொன்று மேகசின் மேல் என்று இருந்தால் நான்காம் படிக்கே திரும்புங்கள். புது ஸ்பிரிங் என்று வாங்கியதே பழைய சரக்காக இருக்கலாம். என் இரண்டாவது துப்பாக்கிக்கு வாங்கியது அப்படித்தான் இருந்தது, கையிலிருந்த உபரி ஸ்பிரிங்கைப் போட்டுத்தான் அன்றைய சோதனையை முடித்தேன்.